மின்வலுவும் சமுதாய உறவுகளும்: லக்ஷபான முதல் மன்னார் வரை

தொழில்நுட்பம் வளர வளர எரிபொருட் பயன்பாடு சிக்கனமுறும். அதனால் வருங்காலச் சந்ததியாருக்கு எஞ்சுவதும் மிகும் என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. நீராவி இயந்திரம் சிக்கனமடைந்தமையாலேயே பிரித்தானியாவின் நிலக்கரி நுகர்வு பெருகிற்று என 1865ஆம் ஆண்டிலேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் எடுத்துக்காட்டினார். ஆயின் மீந்த வலு எவருடைய தேவைக்காக மீண்டும் ஈடுபடுத்தப்பட்டது என்பது அவரது ஆய்வின் மையமாக அமையவில்லை. அவ்வினாவைக் கொண்டே இலங்கையின் மின்வலு வரலாற்றை நாம் நோக்க விரும்புகிறோம்.

களனி கங்கையின் கிளையாறுகளிலிருந்து மின்சாரம் பெறலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை சமர்ப்பித்தார். லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். இடைப்பட்ட 32 ஆண்டுத் தாமதத்திற்குப் பொறியியல் அறிவின் போதாமையை மட்டும் காரணங் கூறுதல் பொருந்தாது. அக்காலத்திலேயே தேயிலைத் தொழிற்சாலைகள் பல, தத்தம் ஓடைகளிற் சிறு சுழலிகளை அமைத்து இயந்திரங்களை ஓட்டின. தோட்டத்துக்கு வேண்டிய வலு தோட்டத்திலேயே கிடைத்தது. சுதேசக் கைத்தொழிலுக்கு வலு வேண்டுமென்ற அவசரம் குடியேற்ற ஆட்சிக்கு இருக்கவில்லை என்பதே எமது கருத்து. பிற்காலத்தில் நாடளாவிய மின்வழங்கல் எட்டியதும் அச்சுழலிகளிற் பல கைவிடப்பட்டுத் துருவேறின. சூழலுக்கு மிகக் குறைந்த தீங்கு விளைத்த தொழில்நுட்பம் அது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1969இல் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீரில் மூழ்கிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றுங்கால் அங்கிருந்த வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றும். காண்போர் திரள்வர், பத்திரிகைகள் படம் வெளியிடும். அதே நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன்களிற் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தமை படமெடுக்கப்படவில்லை. நீர்வலு தூய்மையானதே. எனினும் அதன் விலையை இழந்த நிலமாகச் செலுத்தியோரும், அதன் ஒளியை முதலில் நுகர்ந்தோரும் ஒரே வர்க்கத்தினரல்லர்.

நுரைச்சோலையின் கதை வேறு. 2011 முதல் 2014 வரை கட்டங்கட்டமாக இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் நிலையம், கப்பலில் வரும் அந்நிய நிலக்கரியை எரிப்பது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளிப்பதால், ஆண்டுக்கு வேண்டியதை ஏனைய மாதங்களிலேயே வாங்கிக் குவித்தல் வேண்டும். இறக்குமதி எரிபொருளை நம்பிய மின்னுற்பத்தியின் விளைவு 2022 மார்ச் இறுதியிற் புலனாயிற்று. நீர்த்தேக்கங்களும் தாழ்ந்திருந்த வேளையில் எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இருக்கவில்லை. நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. எச்சமுதாயமும் நிலத்தின் உடைமையாளரன்று, அதனை மேம்படுத்திப் பின்னோரிடம் கையளிக்கக் கடமைப்பட்டதே என்னும் கருத்தை 1894இல் வெளிவந்த ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் முன்வைக்கிறார். 1950இல் இயங்கத் தொடங்கிய லக்ஷபான ஓடுநீரால் இன்றும் இயங்குகிறது. நுரைச்சோலையோ பின்னோருக்குச் சாம்பற் குவியலையும் கடனையும் விட்டுச் செல்கிறது.

அங்ஙனமாயின் காற்றும் வெயிலும் போதுமே எனலாம். மன்னாரில் 2020இல் திறந்துவைக்கப்பட்ட 103.5 மெகாவாற் காற்றாலைத் திட்டம் நிலக்கரியை வேண்டுவதன்று. எனினும் மேலும் காற்றாலைகள் நிறுவப்படுவதற்கெதிராக 2025இல் அத்தீவு மக்கள் போராடினர். வெள்ளம் வடியாமை, கடற்றொழில் பாதிப்பு, வலசைப் பறவைகளின் வழி ஆகியன அவர்கள் எழுப்பிய பிரச்சினைகள். முற்போக்காளர் சிலரே இதனை விஞ்ஞானத்துக்கு எதிரான மனப்பான்மை என ஒதுக்கியமை எமக்கு வியப்பளிக்கிறது. அம்மக்கள் கேட்டது, காற்றாலைகள் எங்கு நிறுவப்படும் என்பதைத் தீர்மானிக்கும் வேளையில் தமக்கும் ஓர் இடம். மஸ்கெலியாவின் தோட்டத் தொழிலாளருக்கு அது வழங்கப்படவில்லை.