எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

மேல் வீட்டுத் தங்கை கைபேசியை நீட்டிக்கொண்டே வந்தாள். அவள் மகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளை. திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு உயிரியல் எடுத்திருக்கிறாள். "டீச்சர், இந்த மைக்ரோஸ்கோப் 1,200 மடங்கு காட்டுமாம். விலையும் கம்மி. வாங்கிடவா?" என்றாள். உட்காரச் சொல்லிவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு ஆய்வகம் என்பது சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை. அங்கே வந்து உட்காரப்போகும் கருவியில் எதைப் பார்த்தாலும் கலங்கலாகவே தெரிந்தால், பிள்ளைக்குப் பாடத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அதனால் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

"உன் போன்ல யாராவது அனுப்பின கல்யாணப் படம் இருக்கா? மணப்பெண் முகத்தைப் பெரிசாக்கு" என்றேன். இரண்டு விரலால் விரித்தாள். முகம் பெரிதாயிற்று, மூக்குத்தியில் எத்தனை கல் என்றால் தெரியவில்லை. இன்னும் விரித்தாள். கட்டம் கட்டமாகச் சிதறியதே தவிர, கல் தெரியவில்லை. படத்தில் பதியாத விவரம் எத்தனை மடங்கு பெருக்கினாலும் வராது. மைக்ரோஸ்கோப்பிலும் இதே கதைதான்.

ஸ்லைடுக்குப் பக்கத்தில் வரும் லென்ஸ்தான் ஆப்ஜெக்டிவ். நல்ல ஆப்ஜெக்டிவின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: 40, அதையடுத்து 0.65. முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. இரண்டாவது எண், அந்த லென்ஸ் எவ்வளவு விரிந்த ஒளியை உள்வாங்கும் என்பது. நுணுக்கம் தெரிவதும் தெரியாததும் இந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 0.65 உள்ள லென்ஸ், ஏறக்குறைய அரை மைக்ரான் இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும். அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வருகிற 650 மடங்குதான் அதன் எல்லை. அதற்கு மேல் போவது கல்யாணப் படத்தை விரித்த கதை. பிளாஸ்டிக் லென்ஸ்களை அடுக்கி, அட்டைப் பெட்டியில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம்.

சரி, பிள்ளை எதையெல்லாம் பார்க்கப்போகிறாள்? வெங்காயத் தோலின் செல் கால் மில்லிமீட்டர் அளவு இருக்கும். கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுக்கும் செல் 50, 60 மைக்ரான். ரத்தச் சிவப்பணு ஏழெட்டு மைக்ரான். வைக்கோல் ஊறிய தண்ணீரில் நீந்தும் பாரமீசியம், வெங்காய வேர்நுனியில் பிரிந்துகொண்டிருக்கும் குரோமோசோம்கள் எல்லாமே 400 மடங்குக்குள் அடங்கிவிடும். கண் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு ஐபீஸ், அதோடு பெருக்க 4, 10, 40 ஆப்ஜெக்டிவ்கள் இருந்தால் போதும். தயிரில் இருக்கும் பாக்டீரியாவைத் தெளிவாகப் பார்க்க மட்டும்தான் எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு ஆப்ஜெக்டிவ் வேண்டும். அதைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். ஆப்ஜெக்டிவ் மாட்ட நான்கு துளை உள்ள மாடலாக இப்போதே பார்த்து வாங்கினால் சரி.

மிச்சப்படும் காசை வேறு மூன்றில் போடச் சொல்வேன். ஒன்று, ஸ்லைடு வைக்கும் ஸ்டேஜுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரும், அதைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாவிட்டால் நிறமில்லாத செல் கண்ணில் படாது. இரண்டு, படத்தை நுணுக்கமாகத் தெளிவாக்கும் நுண்திருகு தனியாக இருக்க வேண்டும். மூன்று, எல்இடி விளக்கு. பேட்டரி உள்ளதென்றால் மின்வெட்டிலும் வேலை நிற்காது. விளக்குக்குப் பதில் கண்ணாடி வைத்த பழைய மாடல் கிடைத்தாலும் நல்லதுதான். ஆனால் அதை நேராகச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

அறிவியல் கருவித் தொழிலுக்குப் பேர்போன ஊர் ஹரியானாவின் அம்பாலா. அங்கிருந்து வருகிற எளிய மாணவர் மாடலே போதும், சோதித்து வாங்கினால். கடைக்குப் போகும்போது பத்திரிகையிலிருந்து ஓர் எழுத்தை வெட்டி ஸ்லைடில் வைத்து எடுத்துப் போங்கள். எழுத்து தலைகீழாகவும் இட வலம் மாறியும் தெரியும், அது இயல்பு. அதன் ஓரத்தில் நீலமோ சிவப்போ பட்டையாகக் கசிந்தால் லென்ஸ் மட்டம். 10இலிருந்து 40க்குத் திருப்பும்போது நுண்திருகை லேசாகத் தொட்டாலே படம் தெளிய வேண்டும். திருகிலிருந்து கையை எடுத்ததும் ஸ்டேஜ் தானாகச் சரிந்தால் அந்தக் கருவி வேண்டாம்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நான் வேறு சொல்வேன். எறும்பையும் செம்பருத்தி மகரந்தத்தையும் ஸ்லைடு போடாமல் அப்படியே பார்க்க, 20 மடங்கு காட்டும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் நல்லது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப்பும் உண்டு. காகிதத்தை மடித்துச் செய்வது. 140 மடங்கு காட்டும். குளக்கரைக்குச் சட்டைப்பையில் கொண்டுபோகலாம்.

வாங்கியதும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை படர்ந்தால் கண்ணாடியையே அரித்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். முந்தானையால் துடைக்காதீர்கள், லென்ஸ் தாளால் ஒற்றுங்கள்.

டீ முடிந்ததும் மகளைக் கூப்பிடச் சொன்னேன். என் பழைய கருவியை மேசையில் வைத்தேன். வெங்காயத்தின் ஒரு மடலை ஒடித்து, உள்பக்கத்து மெல்லிய தோலை அவளே உரித்தாள். சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு; பிறகு நீரில் அலசி ஸ்லைடில் பரப்பினாள். கவர் ஸ்லிப்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்கச் சொன்னேன், குமிழி வராமலிருக்க. முதலில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. ஐரிஸை மெல்ல மூடச் சொன்னேன்.

மூச்சை இழுத்தாள். செங்கல் சுவர் மாதிரி வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு சிவந்த பொட்டு.

"இந்தப் பொட்டு ஏன் நடுவுல இல்லாம ஓரமா ஒதுங்கி நிக்குது?"

செல்லின் நடுவை ஒரு பெரிய நீர்ப்பை அடைத்துக்கொண்டு நியூக்ளியஸைச் சுவரோரம் தள்ளியிருக்கிறது என்று சொன்னேன். அவள் கண்ணை எடுக்காமலே பென்சில் கேட்டாள். அம்மாவும் ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

"டீச்சர், இது எத்தனை மடங்கு?"

"நூறும்மா. வெறும் நூறு."