பதில் வரலைன்னா என்ன செய்யணும்? ஏஐ ஏஜென்ட்களுக்கு ராஜபாளையம் ரயில் பாதை சொல்லும் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் இடையே ஒற்றை ரயில் பாதைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும் பொதிகை எக்ஸ்பிரஸ் கிளம்ப, ராஜபாளையத்திலிருந்து ‘லைன் கிளியர்’ வர வேண்டும். வரலைன்னா? ரயில் நகராது. பதில் இல்லை என்றால் அனுமதி இல்லை. சிக்னல் பழுதானால்கூட, லோகோ பைலட் தானாக வண்டியை எடுக்க மாட்டார்; எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

பல ஏஜென்ட்கள் சேர்ந்து இயங்கும் மென்பொருளிலும் இதே சிக்கல்தான். பொதிகையில் ஊருக்கு டிக்கெட் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏஜென்ட் சீட் பிடிக்கிறது. இன்னொன்று பணம் கட்டுகிறது. பணம் கட்டப் போனதிடமிருந்து பதிலே இல்லை. இதுதான் ‘எக்ஸப்ஷன்’. தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பினால், ரெண்டு தடவை பணம் போகலாம். வெற்றி என்று நினைத்தால், பணம் வராமலே டிக்கெட் போய்விடும்.

என்ன செய்யலாம்?

• ஒரு பரிவர்த்தனைக்கு ஒரே அடையாள எண். அதே எண் மறுபடி வந்தால், பணம் எடுக்கக் கூடாது.

• மீண்டும் முயலும் முன், முதல் முயற்சி என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும்.

• தீரவில்லையா? பிடித்த சீட்டை விடுவித்து, விஷயத்தை மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும்.

யுபிஐயில் ‘பெண்டிங்’ காட்டினால் நமக்கும் இதே விதிதான். அவசரப்பட்டு மறுபடி அனுப்பாதீங்க. முதலில் ஸ்டேட்டஸ் பாருங்க.