பாதுகாப்பு என்பதும் ஒரு பாடம்

"என்ர மகள் சர்வதேச உறவுகள் படிக்கப் போறாளாம். அது ஆம்பிளையளின்ர படிப்பெல்லோ, பிள்ளை?"

போரில் கணவரை இழந்து, தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் தாயொருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருக்குச் சொன்ன பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் அபெரிஸ்ட்வித் என்னும் கடலோரச் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த சிறிய கல்லூரியிலிருந்து முதலாம் உலகப் போருக்குச் சென்ற மாணவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அவர்களின் நினைவாக 1919இல் அக்கல்லூரியில் சர்வதேச அரசியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. உலகில் இத்துறைக்கான முதலாவது பேராசிரியர் பதவி அதுவே. அதற்கென 20,000 பவுண் வழங்கியவர்கள் டேவிட் டேவிஸும் அவரது சகோதரிகளான குவெண்டொலின், மார்கரெட் ஆகியோரும் ஆவர். டேவிட் போர்முனை கண்டவர். சகோதரிகள் இருவரும் போர்க்காலத்தில் பிரான்சில் படைவீரர்களுக்கான உணவுச்சாலையொன்றை நடத்தியவர்கள். ஆக, போரின் துயரத்திலிருந்து பிறந்த படிப்பு இது. அதன் பிறப்பில் பெண்களுக்கும் பங்குண்டு.

நீண்ட காலமாக இப்பாடத்தில் பாதுகாப்பு என்றால் எல்லை, படை, ஆயுதம் என்றே பொருள்பட்டது. பின்னர் இப்பார்வை மாறத் தொடங்கியது. போர், வறுமை, கல்வியின்மை, ஒடுக்குமுறை ஆகிய தளைகளிலிருந்து மனிதர் விடுபடுவதே உண்மையான பாதுகாப்பு என 1991இல் அபெரிஸ்ட்வித் பேராசிரியர் கென் பூத் வாதிட்டார். 1994இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் அறிக்கை உணவு, சுகாதாரம், வருமானம் ஆகியவற்றையும் பாதுகாப்புக்குள் அடக்கியது. 2000 ஒக்டோபர் 31இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1325ஆம் இலக்கத் தீர்மானம், சமாதான முயற்சிகளில் பெண்கள் சமமாகப் பங்குகொள்ள வேண்டும் என்றது.

சகோதரிகளே, தாழ்ப்பாளில்லாத கதவுக்குப் பின்னால் குமர்ப்பிள்ளையோடு இரவைக் கழித்தவளுக்குப் பாதுகாப்பு என்னவென்று எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் அதைத் தீர்மானம் எடுப்போரின் மேசையில் எடுத்துச் சொல்வதற்கு உடன்படிக்கைகளும் சட்டங்களும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.

பட்டம் பெற்றவுடன் வேலை காத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆங்கில அறிவும் பொறுமையும் வேண்டும். எனினும் இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. விரும்பும் பிள்ளையை "இது உனக்கில்லை" என்று மறித்துவிடாதீர்கள். நாங்கள் பட்டதை உலகத்தின் மொழியில் சொல்ல எங்கள் பிள்ளைகளும் வேண்டும்.