திக்கிப் பேசுவோர் கூடும் சபை

திக்குதல், தெற்றுதல், கொன்னுதல் என்று நம் மொழியிலே இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. தெற்றுதல் என்பதற்குப் பின்னுதல், தடைப்படுதல் என்னும் பொருள்களும் உண்டு. வலைநூல் ஒன்றோடொன்று சிக்கி நிற்பது போலச் சொல்ல வேண்டிய சொல் நாவிலே சிக்கி நிற்கும் நிலையை இது நன்கு காட்டுகின்றது. சொல்லை ஆக்கியவர் பரிவோடுதான் ஆக்கினார் போலும். அதனைக் கொன்னையன், தெற்றுவாயன் என ஆளுக்குரிய பட்டமாக்கித் தெருவிலே கூவியவர்கள் பின்வந்தோராதல் வேண்டும்.

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில் கடந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, கடலுக்கும் களப்புக்கும் அணித்தாய்க் கிடப்பது கோமாரி. இப்பகுதியில் ஒரு பாடசாலையிலே யான் தமிழ் கற்பித்த தொடக்க காலத்தில், காலையில் இடாப்புக் கூப்பிடும்போது மாணவர் ‘ஓம் சேர்’ என்று சொல்வதை விரும்பேன். ‘உள்ளேன் ஐயா’ என நற்றமிழில் விடையிறுத்தல் வேண்டும் என்பது என் கட்டளை. பண்டிதர்க்கு இத்தகைய பிடிவாதங்கள் சில உண்டு, வாசகர் பொறுத்தருள்க.

ஆறாந் தரத்தில் ஒரு மாணவன் நாள்தோறும் பத்து நிமிடம் பிந்தி வருவான். வீடோ கூப்பிடு தூரத்தில். காரணம் கேட்டால் தலை குனிவான், வாய் திறவான். வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன், பிரம்பையும் எடுத்ததுண்டு. தாயை அழைப்பித்தேன். “அவன் விடியவே வெளிக்கிட்டுப் போறான் ஐயா” என்று அந்த அம்மை கண்கலங்கினாள். பையன் பொய்யன் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுக்கு மற்றொரு சான்றும் எனக்குக் கிடைத்தது. ஒருநாள் மாலை கடற்கரையிலே கரைவலை இழுப்போர் நடுவே அவன் நின்று அம்பாப் பாடக் கண்டேன். ஒரு தடங்கலும் இல்லை. குரல் கணீரென்று ஒலித்தது. கடற்கரையிலே பாடுகிறவனுக்கு வகுப்பிலே பேச இயலாதா? நடிப்பு என்றே எண்ணினேன்.

தொல்காப்பியப் பிறப்பியலை எத்தனையோ முறை நடத்தியவன் யான். உந்தியினின்று எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை என்பவற்றிலே நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் துணையாக எழுத்தாகும் முறையைக் கரும்பலகையிலே படம் வரைந்தும் காட்டியிருக்கின்றேன். அந்தக் காற்று வழியிலே நின்றுவிட்ட பிள்ளை என் முன் வாங்கிலேயே இருந்தான். அவனை யான் கண்டேனல்லேன்.

உண்மை விளங்கச் சுமார் இருபதாண்டு சென்றது. அவனே ஒரு மாலை, மகனுக்குக் கடிதமொன்று வேண்டி என் இல்லத்துக்கு வந்தான். பேச்சு பழைய நாளுக்குச் சென்றது. நீண்ட இடைவெளிகளோடு அவன் சொன்னதன் சாரம் இது: பாடசாலைக்கு அருகே மதகடியில் ஒளித்திருந்து, இடாப்புக் கூப்பிட்டு முடிந்த பின்பே அவன் வகுப்புக்கு வருவானாம். “‘உ’ எனக்கு வராது சேர். ‘ஓம்’ எண்டா வரும். ஓம் எண்டு சொல்ல விட்டிருந்தா நான் நேரத்துக்கு வந்திருப்பன்.”

பிரம்படி பட்டவன் அவன். அன்று கூசி நின்றவன் யான். அதன் பின்னரே இப்பொருள் பற்றிக் கற்கத் தொடங்கினேன்.

திக்குவாய் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தோன்றுகின்றது. குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரிடத்து ஒரு காலத்தில் இது காணப்படும். அவருள் நால்வரில் மூவர்க்குத் தானாகவே நீங்கிவிடும். வளர்ந்தோரில் எஞ்சுவோர் நூற்றில் ஒருவர். அவருள்ளும் ஆண்களே மிகுதி. அறிவுக் குறைவோ, அச்சமோ, தாய் தந்தையர் வளர்ப்போ இதற்கு மூலகாரணம் அன்று. பேச்சின் நேர ஒழுங்கை ஆளும் மூளைப் பகுதிகள் இயங்கும் முறையிலே சிறு வேறுபாடு உண்டு என்பதும், குடிவழியாகவும் இது வரும் என்பதும் இன்று தெளிவு. 2010ஆம் ஆண்டில் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்தோர் இதனோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தனர். பாடும்போதும், பலரோடு ஒருங்கே சொல்லும்போதும், தனியே தனக்குள் பேசும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். கடற்கரை அம்பாவின் மர்மம் இதுவே. வகுப்பு முழுதும் ஒரே குரலிற் செய்யுள் ஒப்புவிக்கும்போது நன்றாகச் சொல்லும் பிள்ளை, “நீ தனியே சொல்” என்றவுடன் கல்லாய்ச் சமைவதும் இதனாலேயே. தன் பெயரைச் சொல்லுவது எல்லாவற்றினும் கடினம். வேறு சொல்லைத் தேடி எடுத்துத் தப்பிக்கொள்ளலாம். பெயருக்கு மாற்றுச்சொல் ஏது?

இக்குறையைத் தீர்ப்பதற்கு மனிதர் செய்த கொடுமைகளும் உண்டு. 1841இல் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் தீபன்பாக் நாவின் அடியை அறுத்துப் பார்த்தார். அதனினும் என்னை வருத்தியது 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிகழ்ந்தது. அநாதை விடுதியொன்றின் இருபத்திரண்டு பிள்ளைகள் ஓர் ஆராய்ச்சிக்கு எடுக்கப்பட்டனர். அவருள் நன்றாகப் பேசிய சிலரிடம், “நீ திக்குகின்றாய், பிழையின்றிப் பேச இயலாவிட்டாற் பேசாதே” என்று மீள மீளச் சொல்லப்பட்டது. அவர்கள் உண்மையான திக்குவாயர் ஆனார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வாய் மூடிகள் ஆயினர், வகுப்பிலே கூசினர், ஓரிரு சொல்லில் விடை தந்தனர். அதனை மேற்பார்வையிட்ட பேராசிரியர் வெண்டல் ஜோன்சன் தாமும் திக்குவாயுடையவர் என்பது இன்னும் வியப்பு. 2001இல் இச்செய்தி வெளிவந்ததும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அரசு இழப்பீடு வழங்க இசைந்தது.

அயோவாப் பிள்ளைகளை வாய் மூடச் செய்தது கேட்பவரின் முகம். ஜோசப் ஷீஹன் என்னும் அமெரிக்க உளவியலாளர் திக்குவாயைக் கடலில் மிதக்கும் பனிமலைக்கு ஒப்பிட்டார். வெளியே தெரியும் திக்கல் சிறிது, நீருள் மறைந்த வெட்கமும் அச்சமும் பெரிது என்றார். நம் கடலிற் பனிமலை இல்லை. நீருள் மறைந்த பாறையை நம் தோணிக்காரர் அறிவர். படகு உடைவது அதிலேதான்.

அப்பாறையைத் தனியொருவன் பெயர்த்தல் அரிது. ஆகவே திக்கிப் பேசுவோர் தாமே கூடத் தொடங்கினர். அமெரிக்காவில் 1977இலும் பிரித்தானியாவில் 1978இலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. யப்பானியர் இவர்க்கும் முற்பட்டவர்; 1986இல் கியோத்தோ நகரிலே திக்குவாயுடையோரின் முதல் உலக மகாநாட்டை நடத்தினர். 1995இல் அனைத்துலகச் சங்கம் உருவாயிற்று. 1998 முதல் ஒக்டோபர் 22ஆம் நாள் இதற்குரிய உலக நாளாகக் கொள்ளப்படுகின்றது.

நமக்கு அணுக்கமான எடுத்துக்காட்டு இந்தியாவிலே உண்டு. தாமும் திக்கிப் பேசுபவரான மருத்துவர் சத்யேந்திர சிறீவாஸ்தவா முன்னின்று 2008இல் அமைத்த இந்தியத் திக்குவாய்ச் சங்கத்தின் தன்னுதவிக் குழுக்கள் சென்னை உட்படப் பல நகரங்களிலே கூடுகின்றன. பெருமண்டபம் வேண்டா, பூங்காவின் ஒரு மூலையே போதும். ஒவ்வொருவரும் தம் பெயரும் ஊரும் சொல்லித் தொடங்குவர். ஒருவர் ஒரு சொல்லில் அரை நிமிடம் நின்றாலும் மற்றவர் அச்சொல்லை எடுத்துக் கொடுத்தல் ஆகாது. முகத்தைத் திருப்புதலும் ஆகாது. தொலைபேசியிற் பேசுதல், நேர்முகப் பரீட்சைக்கு விடையிறுத்தல் முதலியவற்றைத் தமக்குள் நடித்துப் பழகுவர். வேண்டுமென்றே திக்குவதும் ஒரு பயிற்சி. கடைக்காரரிடம் சென்று, தடையின்றி வரும் சொல்லையே திக்கிச் சொல்லி, வானம் இடிந்து விழவில்லை என்று கண்டு திரும்புவர். முதலிற் படித்தபோது எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றிற்று. ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றானவன் மதகடியிலே ஒளிக்க வேண்டியதில்லை அல்லவா?

இக்குழுக்கள் குணமாக்குவோம் என்று வாக்களிப்பதில்லை. சிகிச்சைக்கு மாற்றாகவும் இவற்றைக் கொள்ளற்க. சிறு பிள்ளைகளுக்குக் காலத்தோடு பயிற்சி தந்தாற் பயன் மிகுதி. நம் நாட்டிலும் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுகின்றது. ஆனால் நாற்பது வயதிலே வலை விற்பவனுக்கும், பயணச்சீட்டுக் கேட்க அஞ்சி அடுத்த ஊர்வரை நடப்பவனுக்கும் சிகிச்சையை விடத் தோழமையே முதற்கண் வேண்டுவது.

என் நண்பராகிய மௌலவி ஆசிரியர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். மூஸா நபி தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனை வேண்டியதை அவர் நினைவூட்டினார். அதனோடு நில்லாமல், உடன்பிறந்தாராகிய ஹாரூன் நபியைத் துணையாகத் தருமாறும் அவர் கேட்டார் என்றார். கிறித்தவர் வேதத்திலும் மோசே தம்மைத் திக்குவாயர் என்கின்றார், ஆரோன் துணையாகின்றார். இக்கரையோரத்து மக்கள் பலரும் அறிந்த கதை. ஆயினும் நாம் முடிச்சை நினைவில் வைத்தோம்; துணையை மறந்தோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்பாறை மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ ஆறரை இலட்சம். நூற்றில் ஒருவர் என்றாலும் ஆறாயிரத்தைத் தாண்டும். இவர்கள் எங்கே என்று வியப்போர்க்கு விடை எளிது. பேசாதிருக்கின்றார்கள்.

இவற்றையெல்லாம் என் பழைய மாணவனிடம், அவன் கடிதத்தைப் பெற இரண்டாம் முறை வந்தபோது எடுத்துரைத்தேன். “அங்க ஆர் சேர் சுகமாக்கிறது?” என்று கேட்டான். “ஒருவருமில்லை” என்றேன். சிரித்தான். பொத்துவில் மீன் சந்தையிலே தன்னைப் போன்ற ஒருவர் உண்டென்றும், இருவரும் எதிர்ப்பட்டாற் கையசைத்து விலகிவிடுவதே வழக்கம் என்றும் சொன்னான். பதினைந்தாண்டுப் பழக்கமாம், ஒரு வார்த்தை பேசியதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் வீட்டு விறாந்தை வெறுமையாகவே கிடக்கின்றது; அந்த மனிதரையும் அழைத்து வரலாமே என்றேன். “பார்ப்பம் சேர்” என்றான்.

பின்னர்க் கடிதத்தை எழுத உட்கார்ந்து, மகனுடைய பெயரைக் கேட்டேன். தந்தையின் வாய் திறந்தது, ஒலி எழவில்லை. அருகில் நின்ற சிறுவன் பழக்கத்தாற் போலும் தானே சொல்ல முந்தினான். தந்தை அவன் தோளிலே கைவைத்துத் தடுத்தார். யான் பேனையைத் தாளில் வைத்தபடி இருந்தேன். சுவர்க் கடிகாரத்தின் ஓசை கேட்டது. பெயர் வந்தது, எழுதினேன்.