வினாடி வினாப் பலகை

விடுகதை கூறி அறிவைச் சோதித்தல் தமிழரின் தொன்மையான வழக்கம். தொல்காப்பியம் அதனைப் 'பிசி' என்று குறிப்பிடுகிறது. அவ்வழக்கமும் தாயம் உருட்டுதலும் இணைந்தாற்போன்றது வினாடி வினாப் பலகை விளையாட்டு. 1979ஆம் ஆண்டு கனடாவில் பத்திரிகையாளர் இருவர் உருவாக்கிய 'ட்ரிவியல் பர்சூட்' இவ்வகையில் புகழ்பெற்றது.

இதன் பலகை, ஆறு ஆரங்கள் கொண்ட வண்டிச்சக்கரம் போன்றது. புவியியல், பொழுதுபோக்கு, வரலாறு, கலை இலக்கியம், அறிவியல், விளையாட்டு ஆகிய துறைகளுக்குத் தனித்தனி வண்ணங்கள் உண்டு. பகடையில் விழும் எண்ணுக்கேற்பக் காயை நகர்த்த வேண்டும். காய் நிற்கும் கட்டத்தின் வண்ணத்திற்குரிய வினாவை மற்றொருவர் அட்டையிலிருந்து படிப்பார். விடை சரியெனில் மீண்டும் உருட்டலாம். தவறெனில் வாய்ப்பு அடுத்தவருக்குச் செல்லும். ஆரமும் வட்டமும் கூடும் கட்டத்தில் சரியான விடை கூறினால் அத்துறையின் வண்ணத்துண்டு கிடைக்கும். ஆறு துண்டுகளையும் சேர்த்தவர் நடுக்கட்டத்தை அடைய வேண்டும். அங்கே, எதிராளிகள் தேர்ந்தெடுக்கும் துறையில் கேட்கப்படும் வினாவிற்கு விடையளித்தால் வெற்றி பெறுவார்.

பெங்களூரு காக்ஸ் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் வினா அட்டைகளைத் தாமே தமிழில் எழுதிக்கொள்ளலாம். 'அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட ஆண்டு எது?' என்பது ஒரு வினா, விடை 2009. பேத்திக்கு அறிவியல் தெரியும். பாட்டிக்குப் பழமொழிகளும் பழைய செய்திகளும் தெரியும். இருவரும் ஓரணியானால் துண்டுகள் விரைவில் சேரும். தமிழைப் பேச மட்டுமே அறிந்த பிள்ளைகள், அட்டையை உரக்கப் படிக்கும் பொறுப்பை ஏற்றால் எழுத்தையும் பழகிக்கொள்வர்.

செயல்பாடு: வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஆறு துறைகளுக்கும் ஒவ்வொரு வினா எழுதுக. விடையை உறுதிசெய்த பின்னரே அட்டையில் சேர்க்க.