ஜவ்வாது மலைக்குக் கண்ணாடி போட்டவர்!

ஆபீஸில் ஒரு ஃபைலை அனுப்புகிறோம். பக்கத்து ஸீட்டுக்குப் போய்ச் சேரவே பதினைந்து நாள்! 'ஸாங்ஷன்' ஆகி வருவதற்குள் நமக்கு டிரான்ஸ்ஃபரே வந்துவிடுகிறது. 'போய்யா... எனக்கென்ன வந்துச்சு' என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறோம்.

வைணு பாப்பு அப்படிக் கிளம்பவில்லை. ஒரு பெரிய டெலஸ்கோப்புக்காக இருபது வருஷத்துக்கு மேல் அலைந்தார்.

1927 ஆகஸ்ட் 10, சென்னையில் பிறப்பு. அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். நம்ம அப்பாக்கள் நம்மைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போன வயசில், பையனுக்கு டெலஸ்கோப்பே விளையாட்டு சாமான். நிஜாம் கல்லூரியில் படித்துவிட்டு, ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவின் ஹார்வர்டு போனார். போன கொஞ்ச நாளில், 1949 ஜூலை 2 அன்று, வானத்தைப் படமெடுத்த தகட்டில் புதுசாக ஏதோ ஒரு கீற்று. வால் நட்சத்திரம்! பேராசிரியர் பாக், சக மாணவர் நியூகிர்க் ஆகியோரோடு அவர் பெயரும் சேர்ந்து அது 'பாப்பு-பாக்-நியூகிர்க்' ஆனது. அப்போது வயசு 21. (அந்த வயசில் நாம் கண்டுபிடித்தவை வேறு. வேண்டாம், வீட்டில் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள்!)

அடுத்து, ஆலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து இன்னொரு வேலை. தெருக்கோடியில் ஒரு பல்ப் மங்கலாக எரிகிறது. அது நூறு வாட்ஸா, நாற்பதா என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம் இல்லையா? சில வகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து, அதில் கால்சியம் போடும் ஒரு கோட்டின் அகலத்தை அளந்தாலே 'வாட்ஸ்' தெரிந்துவிடும் என்று காட்டினார்கள். 1957-ல் வெளியான இதற்கு 'வில்சன்-பாப்பு விளைவு' என்றே பெயர்.

இவ்வளவு பெயர் வாங்கியவர் அமெரிக்காவிலேயே செட்டிலாகியிருக்கலாம். 1953-ல் திரும்பிவிட்டார். உத்தரப்பிரதேச அரசுக்காக நைனிடாலில் ஒரு வானாய்வுக்கூடத்தை உருவாக்கிவிட்டு, 1960-ல் கொடைக்கானலுக்கு டைரக்டராக வந்தார். அது சூரியனைப் பார்க்கிற இடம். ராத்திரி நட்சத்திரம் பார்க்கத் தோதான மலையைத் தேடித்தான் காவலூர் வந்தார்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மேலே ஏறினால் காவலூர். சுமார் 725 மீட்டர் உயரம். சந்தனக் காடு, ஊர் விளக்குகளின் தொந்தரவில்லாத கும்மிருட்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால், தெற்கு வானமும் நன்றாகத் தெரியும். 1968-ல் 38 செ.மீ. கண்ணாடி கொண்ட, சொந்தப் பட்டறையில் செய்த டெலஸ்கோப்போடு வேலை ஆரம்பம். 1972-ல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10 ராத்திரி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கும்போது நட்சத்திர ஒளி சில விநாடி மங்கியதைக் காவலூரில் அது பதிவு செய்தது. அதே ராத்திரி, விமானத்தில் டெலஸ்கோப் வைத்துப் பார்த்த அமெரிக்கர்களுக்கும் இதே கதை. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான்.

பாப்புவுக்கு அது போதவில்லை. 2.34 மீட்டரில் ஒன்று வேண்டும். அதை இங்கேயேதான் செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதம். வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்திருந்தால் சீக்கிரம் வந்திருக்கும். ஆனால் செய்யத் தெரிந்த ஆட்கள் நம்மிடம் உருவாகியிருக்க மாட்டார்கள். கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து. தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், ஜெயராஜன் தலைமையில் நம்ம ஆட்கள். தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பிம்பம் கெடும். தேய்ப்பது, அளப்பது, மறுபடி தேய்ப்பது... வருஷங்கள் ஓடின. ராட்சத இரும்பு உடம்பு மகாராஷ்டிராவின் வால்சந்த்நகரில் உருவானது.

இதற்கிடையே 1979-ல் சர்வதேச வானியல் சங்கத்துக்கே தலைவரானார். 1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டில் அதன் மாநாடு. தலைமை தாங்க வேண்டியவர் ஜெர்மனியின் மியூனிக்கில் இதய ஆபரேஷனுக்குப் பின் படுக்கையில் கிடந்தார். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார். வயசு 55. காவலூரில் அவர் டெலஸ்கோப் இன்னும் நிமிர்ந்திருக்கவில்லை.

1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். டெலஸ்கோப்புக்கும் வளாகத்துக்கும் பாப்புவின் பெயர். முப்பது வருஷம் இந்தியாவில் அதைவிடப் பெரிய டெலஸ்கோப் கிடையாது. 2016-ல்தான் 3.6 மீட்டரில் ஒன்று வந்து அதை முந்தியது. எங்கே தெரியுமா? தேவஸ்தல் என்ற மலையில். பாப்பு முதலில் கடை விரித்த அதே நைனிடாலுக்குப் பக்கத்தில்!