ஆஸ்திரேலியாவின் அரிய இசைத்தட்டுகள்

ஒரு பொருள் அரிதாவதற்குக் காரணங்கள் இரண்டு. விளைவது குறைவாயிருத்தல் ஒன்று. விளைந்ததைப் பேணுவார் இல்லாமை மற்றொன்று. ஆஸ்திரேலிய நாட்டில் 1960-களிலும் 1970-களிலும் வெளியான சிறிய இசைத்தட்டுகள் பலவற்றின் அருமைக்கு இவ்விரண்டுமே காரணம். அந்நாட்டு ராக், பாப் இசைக்குழுக்களுள் உலகறிந்தவை சில. ஊர் மட்டும் அறிந்து, பின்னர் ஊரும் மறந்தவை பல. மறக்கப்பட்டோரின் தட்டுகளையே இன்று பல நாட்டுச் சேகரிப்பாளரும் தேடுகின்றனர். அவற்றின் வரலாறு, பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கும் பயன் தருவது என்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

நாம் குறிப்பிடும் தட்டு 7 அங்குல அகலமுடையது. நிமிடத்திற்கு 45 முறை சுழல்வது. 1949-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமாகிப் பிற நாடுகளுக்கும் பரவியது. பக்கத்திற்கு ஒரு பாட்டு. பெரும்பாலும் மூன்று நிமிட அளவே. முன்பக்கத்தில் விலைபோகும் என நம்பிய பாட்டை வைப்பர். பின்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு. ஆகவே அங்கே குழுவினர் தம் மனம் விரும்பியதைப் பாட இடம் கிடைத்தது.

ஆஸ்திரேலியா ஒரு கண்டம். மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகருக்கும் கிழக்குக் கரையிலுள்ள சிட்னி நகருக்கும் இடைப்பட்ட தொலைவு, குமரியிலிருந்து காஷ்மீர் செல்வதற்கு ஒப்பானது. எனவே ஒவ்வொரு நகருக்கும் தனி வானொலி, தனி நடன அரங்கு, தனி ரசிகர் கூட்டம் என்று அமைந்தன. பெர்த்தில் கிளாரியன், பிரிஸ்பேனில் சன்ஷைன், மெல்போர்னில் கோ என்று சிறு நிறுவனங்கள் தட்டுகளை வெளியிட்டன. நாடு முழுவதற்குமான பாட்டுப் பட்டியலை ‘கோ-செட்’ என்னும் இளைஞர் இதழ் வெளியிடத் தொடங்கியது 1966 அக்டோபரில்தான். ஒரு நகரத்துத் தெருவெல்லாம் ஒலித்த பாட்டு, மற்றொரு நகரத்தார் செவிக்கு எட்டாமலே மறைந்ததும் உண்டு.

சிட்னியில் 1964-இல் தோன்றிய ‘மிஸ்ஸிங் லிங்க்ஸ்’ என்னும் குழுவை எடுத்துக்கொள்வோம். நீண்ட முடியும் காதைத் துளைக்கும் கித்தார் ஓசையுமாக மேடையேறிய இவர்கள், 1965-இல் ஒரு விந்தை செய்தனர். தாம் பாடிப் பதிந்த பாட்டு ஒன்றின் ஒலிநாடாவைத் தலைகீழாக ஓடவிட்டு, அதையே ஒரு தட்டின் இரு பக்கங்களிலும் வெளியிட்டனர். ‘வாயை மூடு’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை எழுத்து எழுத்தாகத் திருப்பி, அதற்குத் தலைப்பும் இட்டனர். வாங்குவோர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? குழுவும் 1966-இல் கலைந்துபோயிற்று.

பின்பக்கத்தின் பெருமைக்கு அடிலெய்டு நகரத்து ‘மாஸ்டர்ஸ் அப்ரென்டிசஸ்’ குழுவின் முதல் தட்டு சான்று. அது 1966-இல் வெளியாயிற்று. அக்காலத்தில் 20 வயது இளைஞரைப் பிறந்த நாள் குறித்த குலுக்கல் முறையில் படைக்குத் தேர்ந்து, அவர்களுள் பலரை வியட்நாம் போருக்கு அனுப்பினர். தட்டின் பின்பக்கத்துப் பாட்டு அப்போரைப் பற்றியது. அதனைப் பாடியவர்களும் குலுக்கலுக்கு உரிய வயதினரே. அப்போரைப் பற்றிய ஆஸ்திரேலியப் பாப் பாடல்களுள் மிகத் தொடக்கத்தில் எழுந்தவற்றுள் அது ஒன்று. நாளிதழ்கள் சொல்லாத இளைஞர் மனத்தைத் தட்டின் மறுபுறம் சொல்லிற்று எனலாம்.

பாடியவர்தம் விதி அவர்தம் கையில் மட்டும் இல்லை. 1970-இல் தட்டு நிறுவனங்கள், தம் பாட்டுகளை ஒலிபரப்பத் தனிக்கட்டணம் வேண்டுமென்று வணிக வானொலி நிலையங்களைக் கேட்டன. நிலையங்கள் மறுத்தன. அவ்வாண்டு மே முதல் அக்டோபர் வரை, பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் தட்டுகள் அந்நிலையங்களில் ஒலிக்கவில்லை. மெல்போர்னின் ஃபேபிள் போன்ற சிறு நிறுவனங்கள் அந்த இடைவெளியில் வளர்ந்தன. ஆனால் பெரிய நிறுவனங்களை நம்பி அம்மாதங்களில் தட்டு வெளியிட்ட இளங்குழுக்களின் கதி என்ன? வானொலி வழியே அறியப்படும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லாது போயிற்று.

இவ்விசையை வளர்த்தவருள் குடியேறியோர் மக்கள் பலர் என்பது நாம் சிறப்பாகக் கருதத்தக்கது. ‘ஈசிபீட்ஸ்’ குழுவினர் ஐவர். இருவர் ஹாலந்திலும் ஒருவர் ஸ்காட்லாந்திலும் இருவர் இங்கிலாந்திலும் பிறந்தவர்கள். சிட்னியின் வில்லாவுட் குடியேறியோர் விடுதியே அவர்களை ஒன்றுசேர்த்தது. 1958-இல் பெற்றோருடன் இங்கிலாந்திலிருந்து குவீன்ஸ்லாந்துக்கு வந்த கிப் சகோதரர் மூவர், ‘பீ ஜீஸ்’ என்னும் பெயரில் 1963 முதல் பத்துக்கு மேற்பட்ட தட்டுகளை வெளியிட்டனர். பெரும்பாலானவை விலைபோகவில்லை. 1967 சனவரியில் மீண்டும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பின்னரே உலகப்புகழ் வாய்த்தது. அன்று விலைபோகாத தட்டுகளே இன்று அரும்பொருளாயின.

ஆயினும் அக்காலத்து ஆஸ்திரேலியா எல்லார்க்கும் கதவு திறக்கவில்லை. வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுத்த கொள்கை 1973-இல்தான் முற்றும் கைவிடப்பட்டது. அத்தடை நிலவிய காலத்தில், 1953-இல், மலாயாவில் பிறந்த தமிழர் ஒருவர் அடிலெய்டுக்குப் படிக்கச் சென்றார். கமலேசுவரன் என்னும் பெயரைச் சுருக்கிக் ‘கமால்’ ஆகி, அந்நாட்டின் புகழ்பெற்ற பாடகரானார். அவர் பாடியது ராக் இசை அன்று, மெல்லிசையே. எனினும் 1975-இல் வெளியான யானையைப் பற்றிய அவரது பாட்டு, ஹாலந்து நாட்டில் முதலிடம் பெற்றதை நம்மவர் அறிந்து மகிழலாம்.

இனி, தட்டைப் பேணுவதன் பயனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று. பிரிஸ்பேன் நகரத்து ‘செயின்ட்ஸ்’ குழுவில் பாடியவர் கென்யாவில் பிறந்த ஐரிஷ்காரர். கித்தார் இசைத்தவர் ஜெர்மனியில் பிறந்தவர். இவர்களது இசையை வெளியிட முன்வருவார் இல்லை. எனவே 1976-இல் தாமே பணம் செலவிட்டு 500 தட்டுகள் அச்சிட்டு, அவற்றுட் சிலவற்றை வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்பினர். லண்டன் வார இதழ் ஒன்று வியந்து பாராட்டவே, உள்நாட்டில் மூடியிருந்த கதவு திறந்தது. 1977-இல் வெளிவந்த அவர்தம் முதல் நெடுந்தட்டில், முன்னர்க் கூறிய மிஸ்ஸிங் லிங்க்ஸ் குழுவின் 1965-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றும் இடம்பெற்றது. கலைந்துபோன குழுவின் குரல், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நகரத்து இளைஞர் வாயிலாக மறுபடி எழுந்தது. அத்தட்டை எறியாமல் வைத்திருந்தவர்களால் அன்றோ அது கைகூடிற்று?

1980-இல் ரேவன் என்னும் சிறு நிறுவனம் இத்தகைய மறந்த பாட்டுகளைத் தொகுத்து மீண்டும் வெளியிட்டது. கான்பெராவில் 1984-இல் அமைந்த தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகமும் இப்பணியைச் செய்கின்றது. மூல ஒலிநாடா அழிந்துவிட்டால், யாரோ ஒருவர் வீட்டு அலமாரியிலுள்ள பழந்தட்டே எஞ்சிய ஒரே சான்று. அங்கே ஒரு குடும்பத்தின் பொறுமை ஒரு நாட்டின் வரலாறாகின்றது.

நம் இல்லங்களிலும் பழைய இசைத்தட்டுகளும், சங்க நாடகங்களையும் திருமண நாகசுரத்தையும் பதிந்த ஒலிநாடாக்களும் இருக்கும். அவற்றை அரசோ நிறுவனமோ தேடிவந்து காக்கும் என்று எண்ணுவதற்கில்லை. தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெயிலும் ஈரமும் படாது காத்தல் வேண்டும். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று உறையின்மேல் எழுதி வைத்தல் அதனினும் இன்றியமையாதது. குரல் இருந்தும் பெயர் மறைந்தால் பாதி இழந்தவராவோம். வீட்டுப் பெரியோர் நினைவு தெளிவாயிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு இதனைச் செய்வோமாக.